நான் வெளியே போனால் கூட்டம் செல்லாது

எங்கள் தொழிற்கல்லூரியில் ஆய்வக உதவியாளர் படிப்பை முடிப்பவர்களை, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பல்கலைக்கழகம் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதைக் கவனிக்க ஒரு குழு. குழுவில் மாணவர் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும். வகுப்பில் எல்லோரும் முடியாது என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் பிரதிநிதி ஆனேன்.

ஒப்பந்தத்தின்படி முதலில் விண்ணப்பித்ததும் நான்தான். ஜூலைக் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தால் செப்டம்பரில் பல்கலைக்கழகம். கிடைக்காவிட்டால் மீன் ஆலையில் வேலை. அம்மா அங்கே எனக்காக ஒரு ஜோடி வெள்ளை பூட்ஸ் சொல்லி வைத்திருந்தாள்.

"அடுத்தது எஸ்மியோட விண்ணப்பம்," என்றார் குழுத் தலைவர் ஹிலரி. எங்கள் துணை முதல்வர். "எஸ்மி கண்ணு, இது உன் விஷயம். நீ வெளிய போயிடணும்."

போனேன். கதவு மூடியது. உடனே திறந்தது. செயலாளர் கிளெனிஸ் தலையை நீட்டினார்.

"உள்ள வாம்மா. பிரதிநிதி இல்லாட்டி கூட்டம் செல்லாதாம்."

வந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த டாக்டர் பெல்லம் சங்கடத்தோடு இருமினார். "மன்னிச்சுக்கோம்மா. நீ இருக்கிறப்ப உன்னைப் பத்திப் பேசக் கூடாது."

வெளியே போனேன். கூப்பிட்டார்கள். வந்தேன்.

"வாசல்ல நிக்கட்டுமே. பாதி உள்ள, பாதி வெளிய," என்றார் கிளெனிஸ்.

நின்றேன். எந்தக் காலில் என் எடை இருக்கிறது என்று பெல்லம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்குள் காவலாளி நார்மன் வந்துவிட்டார்.

"இது தீத்தடுப்புக் கதவு. திறந்து வைக்கக் கூடாது. உள்ள போறியா, வெளிய போறியா?"

"அதைத்தான் நாங்களும் பேசிட்டிருக்கோம் நார்மன்," என்றார் ஹிலரி.

கடைசியில் ஜன்னல் ஹிலரியின் கண்ணில் பட்டது. தரைத்தளம்தான். நான் வெளியே நின்றால் அவர்களுக்குத் தெரிவேன்; கூட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. ஜன்னலை மூடிவிட்டால் எனக்கு ஒன்றும் கேட்காது. பெல்லத்துக்கு முகமே மலர்ந்துவிட்டது.

கட்டடத்தைச் சுற்றிப் போய் ரோஜாச் செடிகளுக்கு நடுவே நின்றேன். மழை. கிளெனிஸ் கொடுத்த குடையில் ஒரு கம்பி உடைந்திருந்தது. உள்ளே தேநீருக்குத் தண்ணீர் கொதித்து, கண்ணாடியில் ஆவி படிந்தது. நான் மறைந்தபோதெல்லாம் பேச்சு நின்றது. கிளெனிஸ் ஓடிவந்து கையால் துடைத்தார். என்னைப் பார்த்ததும் மறுபடி பேசினார்கள்.

பெல்லம் தலையை இடமும் வலமும் ஆட்டினார். கண்ணாடிக்கு இன்னும் அருகே போனேன். பிஸ்கட் தட்டு அவரிடம் நீண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

கைகள் உயர்ந்தன. எதற்கென்று தெரியவில்லை.

ஜன்னல் திறந்தது. "கிடைச்சிருச்சு கண்ணு! நேரா ரெண்டாம் வருஷம்!"

குடையைப் போட்டுவிட்டு வாசலை நோக்கி ஓடத் திரும்பினேன்.

"நகராதே!" ஹிலரி கத்தினார். "நீ சுத்தி வர்றதுக்குள்ள கூட்டம் செல்லாம போயிடும். உன் சீட்டும் போயிடும்!"

"ஜன்னல் வழியா ஏறி வரட்டுமா?" என்றேன். அந்தக் கூட்டத்தில் நான் கேட்ட முதல் கேள்வி.

"நார்மன் பார்த்தா விடுவாரா? அங்கயே நில்லு. இனி உன் விஷயம் இல்ல, ஜன்னல் திறந்தே இருக்கட்டும்."

கிளெனிஸ் தேநீரை வெளியே நீட்டினார். ஹிலரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"கார் நிறுத்துமிடம். எஸ்மி, மாணவர்கள் தரப்புல என்ன சொல்ற?"

"எனக்குக் கார் இல்லையே."

"பரவாயில்ல, சொல்லு. மூணு விஷயம்தான் பாக்கி."

கோப்பையில் மழை விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அன்று எல்லாவற்றின் மேலும் அன்பு வந்திருந்தது. கார்கள் மேலும். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் இடம் கொடுக்கலாம் என்று சொன்னேன்.