இரண்டாவது பிரேக்

ஊருக்கெல்லாம் ஸ்மார்ட்போன் ரிப்பேர் செய்துகொடுக்கும் நான் வைத்திருப்பது பட்டன் போன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், கடைக்கு வருகிற எல்லோரும் சிரித்தாகிவிட்டது. “ஏன் மேடம், உங்க தொழில்மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்று கேட்காத ஆளில்லை. தொழில்மேல் நிறையவே இருக்கிறது ஐயா. என் கட்டைவிரல்மேல்தான் இல்லை.

அந்தக் கட்டைவிரல் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தைக் கேளுங்கள். போனிலேயே தட்டித் தட்டி வாங்கித் தள்ளினேன். எங்கள் கட்டடத்தில் இருக்கும் எட்டு வீட்டுக்கும் வெந்நீர் ஹீட்டர். என் அண்ணனுக்கு, நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின். அவன் லாரி ஓட்டுகிறவன். எப்போதாவது வீட்டுக்கு வந்தால் தூங்கவே நேரம் போதாது, இதில் ஓடுவானா? அப்புறம் ஹோட்டல்களில் வைக்கிற பெரிய காபி மெஷின் ஒன்று, கடைக்கு வருகிறவர்களுக்கு இலவசமாக ஊற்றிக்கொடுக்க. என் கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். மெஷினை எங்கே வைப்பது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. தூக்கம் கிடையாது, பசி கிடையாது, என்னைவிடக் கெட்டிக்காரி உலகத்திலேயே கிடையாது. எனக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அடுத்தவருக்கு.

பிறகு ஏறினது இறங்கியது. போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். சொந்தக்காரர்கள் விசாரிக்க மறந்தாலும் பேங்க்காரர்கள் மறக்காமல் விசாரித்தார்கள். பைபோலார் என்று டாக்டரம்மா பெயர் சொன்னார். மனசு தலைகால் புரியாமல் மேலே போகும், அப்புறம் தொபுக்கடீர் என்று கீழே விழும், மாத்திரையும் தூக்கமும் ஒழுங்காக இருந்தால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். நோய்க்குப் பெயர் கிடைத்தது. கடன் மட்டும் மூன்று கிரெடிட் கார்டிலும் அப்படியே இருந்தது.

அதைத் தலைமேல் போட்டுக்கொண்டவள் என் அண்ணி. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், ஒரே ஒரு கார், ஒரே ஒரு டீச்சர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் பிடிப்பார். பக்கத்து இருக்கையில் அண்ணி உட்காருவாள். அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தக் காரின் பத்திரங்களை ஃபைனான்ஸ் கம்பெனியில் அடகு வைத்து என் மூன்று கார்டையும் அடைத்தாள். வாய் பேசாமல் செய்த தியாகம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு வாரம் என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினாள். “கரண்ட்டுன்னு உனக்குப் பேரு வச்சாரு பாரு உங்க அண்ணன், அவரைச் சொல்லணும். வீட்டுக்கு வெளிச்சம் வரும்னு பாத்தா ஷாக்குதான் அடிக்குது!” என்றாள். அப்புறம்தான் போய் அடகு வைத்தாள்.

தவணை தவறினால் கார் போய்விடும். கார் போனால் அவள் பிழைப்பும் போய்விடும். அதனால் சில ஏற்பாடுகள்: என் பேங்க் கார்டு அவள் கைப்பையில், கடை வசூல் சாயங்காலமானால் அவள் கையில், என் கையில் பட்டன் போன். “கடைசித் தவணை கட்டி கார் பத்திரம் நம்ம கைக்கு வர்ற அன்னைக்கு, உன் கார்டு உன் கைக்கு வரும். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது” என்றாள். சரி என்று நானும் தலையாட்டினேன்.

தலையாட்டினேனே தவிர, மூச்சு விடாமலெல்லாம் இல்லை. நாற்பது வயதில் ஒரு செருப்புக்குக் கை நீட்டி நிற்பது எவ்வளவு அவமானம் தெரியுமா?

“செருப்பு வாங்கணும்.”

“காட்டு பாப்போம். இன்னும் ஒரு மாசம் ஓடும்.”

“நீங்க என்ன செருப்புக்கு டாக்டரா?”

“உன் டாக்டருக்கு ஃபீஸ் யாரு குடுக்கறது? அப்ப நானும் பாதி டாக்டர்தான்.”

எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடியும். அவளோடு காரில் போகும்போது பக்கத்து இருக்கையில் நான் வேண்டுமென்றே அந்த இரண்டாவது பிரேக்கைக் காலால் உரசுவேன். “அதுல கால வைக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது!” என்று கத்துவாள். அவளைக் கத்த வைப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கடைசித் தவணை வந்த வாரத்தில் அண்ணியின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அண்ணி அவசரமாக ஊருக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது பணத்தை ஒரு கவரில் போட்டு என் கையில் வைத்தாள்.

“நான் ஆன்லைன்லயே கட்டிடலாம். வேணாம். உன் கடன், உன் கையாலயே முடியட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடு.”

அவ்வளவு பணத்தை என்னை நம்பி யாராவது கொடுத்து எத்தனை காலமாகிவிட்டது! அந்த சந்தோஷத்தில் அன்று தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே ஞாபகமில்லை. வெள்ளிக்கிழமை பால்காரருக்கும் முன்னால் எழுந்துபோய்க் கடையைத் திறந்தேன். வீங்கின பேட்டரி, சார்ஜ் ஏறாத போன், தண்ணீரில் விழுந்த போன் என்று ஒரு வாரமாகக் கிடந்த வேலையெல்லாம் தெரு முழிப்பதற்குள் முடிந்துவிட்டது. கையில் இடுக்கி பறந்தது, வாயில் பாட்டு வேறு.

கடைசியாக ஒரு போனுக்குப் புது டிஸ்ப்ளே மாட்டி, விரலுக்கு ஒழுங்காக நகர்கிறதா என்று தேய்த்துப் பார்த்தேன். வந்து நின்றது ஒரு விளம்பரம். வெள்ளை வெளேரென்று ஒரு கார். முன்பணம் மட்டும் கட்டுங்கள், வண்டியை எடுத்துச் செல்லுங்கள் என்று போட்டிருந்தது. முன்பணம் எவ்வளவு என்று பார்த்தால், என் கவரில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. தெய்வம் இதைவிடப் பச்சையாக எப்படிப் பேசும்?

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணிக்குப் புதுக் கார்! ஊரிலிருந்து அவள் வரும்போது வாசலில் நிற்க வேண்டும். அந்தப் பழைய டப்பாவை ஃபைனான்ஸ்காரனே வைத்துக்கொள்ளட்டும், யாருக்கு வேண்டும்? இரண்டு வருடம் எனக்காகக் கஷ்டப்பட்டவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நானெல்லாம் ஒரு மனுஷியா? கடையைப் பூட்டினேனா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் ஷோரூமுக்கு ஓடி, அது திறக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.

டை கட்டின விற்பனையாளர் ஒருவர் என்னை மகாராணி மாதிரி வரவேற்றார். நான் பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். அண்ணியைப் பற்றி, லாரியைப் பற்றி, காபி மெஷினைப் பற்றி. அவர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தாள்களை அடுக்கி, கையெழுத்து போடும் இடத்தில் பென்சிலால் குறி வைத்தார்.

“ஒரு தடவ உக்காந்து பாக்கறேன்” என்றேன்.

“தாராளமா மேடம்” என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

“அங்க இல்ல. அண்ணி உக்கார்ற பக்கம்.”

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். புது சீட்டின் வாசனை மூக்கில் ஏறியது. பழக்கதோஷத்தில் என் கால் முன்னால் நீண்டு துழாவியது. வெறும் மிதியடிதான் தட்டுப்பட்டது.

“இங்க பிரேக் இல்லையே?”

விற்பனையாளர் முழித்தார். “பிரேக் டிரைவர் பக்கம்தான் இருக்கும் மேடம்.”

“எங்க அண்ணி டிரைவிங் சொல்லித்தர்றவங்க. இந்தப் பக்கமும் பிரேக் வேணும்.”

“அதெல்லாம் அப்புறம் வெளிய மாட்டிக்கலாம் மேடம். மொதல்ல வண்டி நம்மளுது ஆகட்டும்.”

முதலில் வண்டி, பிரேக் அப்புறம். எட்டு ஹீட்டரும் எங்கள் கட்டடத்துக்கு அப்படித்தான் வந்தன, முதலில் வாங்கு, யோசனை அப்புறம். என் கால் இன்னும் துழாவிக்கொண்டே இருந்தது. நான் எப்போது தூங்கினேன்? எப்போது சாப்பிட்டேன்? அண்ணி கத்த வேண்டிய இடத்தில் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது?

ஆசை அந்த நிமிடமே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கார் வேண்டும் என்றுதான் இருந்தது, வெறிபிடித்த மாதிரி வேண்டும் என்றிருந்தது. பயமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு பட்டன் போனை அழுத்தினேன்.

“அண்ணி, நான் கார் ஷோரூம்ல இருக்கேன்.”

“அங்க உனக்கு என்ன வேலை?”

“உங்களுக்குப் புதுக் கார் வாங்க வந்தேன்.”

திட்டப்போகிறாள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் திட்டவில்லை. ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாமல் நடுங்குகிற ஆளிடம் பேசுவாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

“கையெழுத்து போட்டியா?”

“இல்ல.”

“கவர்?”

“மடியிலதான் இருக்கு.”

“தூங்குனியா?”

“இல்ல அண்ணி. மாத்திரையும் விட்டுட்டேன்னு நினைக்கறேன். எனக்கு வேகம் வருது அண்ணி. பயமா இருக்கு.” சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

“சரி. ஒண்ணும் ஆகல. வண்டி நிக்குது, நீ உள்ள உக்காந்திருக்கே, அவ்வளவுதான். இப்ப கதவைத் திற. வெளிய யாரும் இடிக்கிற மாதிரி இல்லையே, பாத்துக்கோ. மெதுவா இறங்கு. போனை மட்டும் வைக்காதே.”

இறங்கினேன். விற்பனையாளர் பேனாவை நீட்டினார். “எங்க அண்ணி கூப்பிடறாங்க” என்றேன். விளையாட்டுக்கு நடுவில் அம்மா கூப்பிட்ட குழந்தை மாதிரி இருந்திருக்கும், இருக்கட்டும்.

“நேரா நட. எங்க வந்திருக்கே?” “மருந்துக்கடைகிட்ட.” “கடைய பாக்காதே, ரோட்டைப் பாரு.” இப்படியே ஃபைனான்ஸ் ஆபீஸ்வரை கூட்டிக்கொண்டு போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண் பணத்தை மெஷினில் போட்டு எண்ணுகிற சத்தத்தை, போனைத் தூக்கிப் பிடித்து அண்ணிக்குக் கேட்க வைத்தேன். அங்கிருந்து நேராக டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். டாக்டரம்மா மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார், “நீங்களே கண்டுபிடிச்சு வந்திருக்கீங்க, இது பெரிய விஷயம்” என்றார். வீட்டுக்கு வந்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். கண் விழித்தபோது அண்ணி ஊரிலிருந்து வந்து கட்டிலருகில் உட்கார்ந்து என் பழைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது தேஞ்சுதான் போச்சு” என்றாள். அடுத்த நாளே புதுச் செருப்பு வந்தது.

கார் பத்திரங்களைக் கொடுக்க ஃபைனான்ஸ்காரர்கள் இன்னும் சில வாரம் இழுத்தடித்தார்கள். அதற்குள் நானும் நிதானத்துக்கு வந்திருந்தேன். பத்திரம் வாங்கிய அன்று மறுபடியும் அந்தப் பழைய காரில் ஏறினோம், அவள் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். அண்ணி வண்டியைக் கிளப்பவில்லை. பத்திரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து என் கார்டை எடுத்து நீட்டினாள்.

“இந்தா கரண்ட்டு, பிடி. சொன்ன சொல்லு மாற மாட்டேன்.”

இரண்டு வருடமாக இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். வெளியே வெயில் பளீரென்று அடித்தது. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்களாகத் தெரிந்தார்கள். எல்லோருக்கும் ஏதாவது வாங்கிக்கொடுக்கலாம் போல இருந்தது. நீட்டின கையை இழுத்துக்கொண்டேன்.

“இன்னைக்கு வேணாம் அண்ணி.”

“ஏன்டி?”

“இன்னைக்கு நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்.”

அண்ணி என் முகத்தையே பார்த்தாள்.

“நாளைக்குக் காலைல எப்பவும் போல உங்ககிட்ட எரிஞ்சு விழுவேன்ல, அப்ப குடுங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கார்டைத் திரும்பக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, சாவியைத் திருப்பினாள். என் கால் இரண்டாவது பிரேக்கின் மேல் இருந்தது. அண்ணி அதைப் பார்த்தும் கத்தவில்லை.

“பெல்ட்டைப் போடு” என்றாள்.