முனாஸின் காலை நடை

"ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு, அவனைச் சுமந்து செல்லும் தோள்களே சாட்சி!"

எழுபத்தாறாம் ஆண்டுப் பழைய மாணவர் குழுவின் தலைவர் அழகர் இதைச் சொல்லி முடிக்கவும், டக்ளஸின் சவப்பெட்டி பதினோராவது படியில் ஒரு பக்கமாகச் சரியவும் சரியாக இருந்தது. உள்ளே எதுவோ டொக்கென்று இடித்தது. தலையா, காலா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. டக்ளஸின் மனைவி டொரதிக்குத் தெரியும், கால்தான். கீழ்நோக்கிப் போகிற பெட்டியில் மனுஷன் கால்பக்கமாகத்தானே வழுக்குவார்.

அம்பிட்டிய வீதியிலிருந்து அவர்களுடைய வீட்டுக்கு எழுபத்தெட்டுப் படிகள். மலர்ச்சாலையின் பிரேத வேன் கீழே றோட்டில் நின்றது. அலுமாரி, கட்டில், காஸ் சிலிண்டர் எல்லாம் இந்தப் படிகளில்தான் ஏறி இறங்கியிருக்கின்றன. அவற்றைத் தூக்கியவர்கள் இருபத்தைந்து வயதுக்காரர்கள். இன்றைக்குத் தூக்கியவர்கள் ஆறு பேர், ஆறு பேருக்கும் சேர்த்து வயது நானூறைத் தாண்டும். எல்லோரும் கல்லூரி டை கட்டியிருந்தார்கள். ஒருவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன், ஒருவருக்கு நெஞ்சில், ஒருவருக்கு வெளியே சொல்ல முடியாத இடத்தில். அழகருக்கு ஒன்றுமில்லை, சீனி வியாதியை அவர் ஒரு வருத்தமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

மகன் ஷேனும் பக்கத்து வீட்டுப் பையன்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராகத்தான் நின்றார்கள்.

"தம்பி, நீங்க ஒதுங்குங்க. டக்ளஸ் எங்க பேட்ச்" என்றார் அழகர்.

"அங்கிள், ராத்திரி மழ பெஞ்சிருக்கு. படி வழுக்கும்."

"யாருக்கு வழுக்கும்? ஸ்போர்ட்ஸ் மீட்ல ரிலே ஓடுனவன்டா நானு!"

அந்த ரிலேயில் கோலைக் கீழே போட்டவரும் இவர்தான் என்று டக்ளஸ் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். டொரதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் போய் மூன்று நாள். எல்லாம் ஒரு போன் படத்தால் வந்தது.

பேட்ச்சுக்கு ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. அதில் தினமும் காலை ஆறரைக்கு முனாஸ் ஹந்தானை மலையிலிருந்து படம் போடுவார். பின்னால் தேயிலையும் பனியும், முன்னால் முனாஸும் அவருடைய கட்டைவிரலும். கீழே, 'இன்றும் எட்டு கிலோமீட்டர். வயது என்பது வெறும் இலக்கம்' என்று ஒரு வாசகம். உடனே முப்பது பேர் புஜத்தை மடக்கிக் காட்டும் பொம்மையைப் போடுவார்கள். டக்ளஸும் போடுவார், கட்டிலில் சாய்ந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்தபடி. மாநகர சபையில் முப்பத்திரண்டு வருடம் தண்ணீர்ப் பில் எழுதிய மனிதர். ஓய்வு பெற்றபின் சாய்ந்து உட்கார ஜன்னலோரக் கதிரை, குறுக்கெழுத்து, மத்தியானத் தூக்கம். அதில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. குறை டொரதிக்கு இருந்தது.

"அவரும் ஒங்க வயசுதானே?" என்று திங்கட்கிழமை போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மலையே ஏறுறாரு. நீங்க வீட்டுப் படி ஏறவே மூணு எடத்துல நிக்கிறீங்க. வெளிய சொல்லவே எனக்கு வெக்கமா இருக்குங்க."

"முனாஸுக்கு மல. எனக்குக் கதிர. விடேன்டி."

"கதிரையிலயே செத்துப் போங்க, அப்ப."

செவ்வாய் விடியற்காலை அவர் ஷேனுடைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு யாரையும் எழுப்பாமல் போனார். சப்பாத்து ஓர் அளவு பெரிது. கொழுந்து பறிக்கப் போன பெண்கள் ஹந்தானை மலைப்பாதையின் மூன்றாம் வளைவில் அவர் விழுந்து கிடக்கக் கண்டார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதெல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிவைத்ததுபோல ஒரே பாட்டைப் பாடினார்கள். "குடுத்து வச்ச மனுஷன்மா. கடைசி வரைக்கும் வாலிபன் மாதிரி நடந்துகிட்டே போயிட்டாரு." டொரதி தலையை ஆட்டினாள். திங்கட்கிழமை தான் சொன்ன சொல்லை ஒருவரிடமும் சொல்லவில்லை; பாவசங்கீர்த்தனத்துக்கு என்று பங்குத் தந்தையிடம் போய்ச் சொல்லவும் வாய் வரவில்லை.

இப்போது பெட்டி முப்பதாவது படியில் நின்றுவிட்டது. மூச்சு வாங்குவதை மறைப்பதற்காக அழகர் கல்லூரிக் கீதத்தைத் தொடங்கினார். கீதத்துக்கும் மூச்சு தேவைப்பட்டது. இரண்டாம் அடியிலேயே பாட்டு இருமலாக மாறியது. நெஞ்சில் ஒப்பரேஷன் செய்தவரின் உதடு நீலமாக இருந்தது. அவர் கை நழுவினால் டக்ளஸ் மிச்சம் நாற்பத்தெட்டுப் படியையும் தனியாகவே இறங்குவார்.

'இன்னொருத்தரையும் நான் கொல்லப்போறேன்' என்று டொரதி நினைத்தாள். அப்போதுதான் முனாஸின் ஞாபகம் வந்தது. எட்டு கிலோமீட்டர் நடக்கிறவர் ஒரு பக்கம் பிடித்தால் போதுமே. மனுஷனை இன்னும் காணவில்லையே?

"கீழ த்ரீவீல்ல இருக்காரும்மா" என்றான் ஷேன். "மேல வரவே இல்ல."

பெட்டி படியை அடைத்துக்கொண்டு நின்றதால், வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்து மழைத்தண்ணிக் கானோரமாகவே அவள் இறங்கினாள். அழகர் "டொரதி, எங்க போறீங்க?" என்று கேட்டது காதில் விழவில்லை.

முனாஸ் த்ரீவீலரின் பின்சீட்டில் இருந்தார். படத்தில் இருப்பதைவிடப் பத்து வயது கூடித் தெரிந்தார். மடியில் ஒரு கைத்தடி.

"முனாஸ் நானா, கொஞ்சம் மேல வாங்க. அவங்களால முடியல்ல. நீங்க ஒரு பக்கம் புடிச்சாப் போதும்."

"எனக்கு ஏலா தங்கச்சி."

"மலையே ஏறுறீங்க. இந்தப் படி ஏலாதா?"

முனாஸ் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இறங்கி, இல்லாத ஒரு டயர்க் கோளாறைப் பார்க்கப் போனான்.

"நான் ஒரு நாளும் ஏறல்ல" என்றார் முனாஸ். "ரெண்டு முழங்காலும் போய் நாலு வருஷம். மாசத்துக்கு ஒருக்கா இவன்ட த்ரீவீல்ல மேல போற. ஏழெட்டு சேர்ட் கொண்டு போற. மாத்தி மாத்திப் போட்டுப் படம் புடிச்சி வெச்சிக்கொள்ற."

"ஏன் நானா?"

"எல்லாரும் ஒண்டொண்டு போடுறாங்களே. அழகர் பேரப்புள்ளட பட்டமளிப்பப் போடுற. இன்னொருத்தன் ஆஸ்திரேலியாவப் போடுற. எனக்குப் போட என்ன ஈக்கி? எக்ஸ்ரே மட்டும்தான் ஈக்கி."

மேலே யாரோ "புடி, புடி!" என்று கத்தினார்கள். டொரதி திரும்பிப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழம ராவு டக்ளஸ் எனக்கு போன்ல கோல் எடுத்த" என்றார் முனாஸ், மெதுவாக. "மூணாம் வளைவு கஷ்டமாடா எண்டு அவன் கேட்ட. ஒண்டுமில்ல மச்சான், கண்ண மூடிக்கொண்டு ஏறலாம் எண்டு சென்ன நான்." அவருடைய கை தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது. "அவன் நெசமாவே போவான் எண்டு நான் நெனைக்கல்ல தங்கச்சி. எங்கட பேட்ச்சில சென்னத யாரு செஞ்சீக்கி?"

ஏன் போனார் என்று டொரதிக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த மனுஷனின் பாரத்தில் பாதி குறைந்திருக்கும். அவள் வாயைத் திறந்தாள்.

"வெயில் படுது நானா. தள்ளி உக்காருங்க" என்றாள்.

திரும்பவும் கானோரமாக ஏறினாள். நடுவில் மூன்று இடத்தில் நின்றாள். பெட்டியருகே போனதும் அழகரின் கையைப் பிடித்து, கைப்பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"போதும் அண்ணே. ஒங்களுக்கு அறுபத்தேழு. எனக்கு அறுபத்திநாலு. பையங்க தூக்கட்டும்."

"டொரதி, இது பேட்ச்சோட மரியாத..."

"அவருக்கு அந்த மரியாத வேணாம். ஷேன், வாப்பா. எல்லாரும் வாங்க."

பையன்கள் வந்தார்கள். ஆறு கிழவர்களும் விலகிக் கொடுத்த வேகத்தைப் பார்த்தால், முதலிலேயே யாராவது அதட்டியிருக்கலாம் என்று தோன்றியது. முழங்கால் ஒப்பரேஷன்காரர் அப்படியே ஈரப்படியில் உட்கார்ந்துவிட்டார். "நாங்களும் கொண்டு போய்ச் சேத்துருப்போம்" என்று அழகர் பொதுவாகச் சொல்லிக்கொண்டே டையைத் தளர்த்தினார். மூன்று நிமிடத்தில் பெட்டி வேனுக்குள் இருந்தது.

மஹியாவ மயானத்துக்குப் போய்ச் சேர நாலு மணி. டொரதி வேனில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க அதன் கால்பக்கத்தில் கையை வைத்திருந்தாள். முனாஸின் த்ரீவீலர் பின்னாலேயே வந்து, கேட்டுக்கு வெளியே நின்றது. அவர் இறங்கவில்லை.

ஃபாதர் செபத்தைத் தொடங்கினார். தூரத்தில் மழை கறுத்தது. இரண்டு வரிசை தள்ளி இன்னொரு அடக்கமும் நடந்துகொண்டிருந்தது. அங்கே நிறையப் பேர் இருந்தார்கள், அழுகைச் சத்தம் குறைவாக இருந்தது. மரத்தில் கட்டிய வெள்ளைப் பதாகையில் ஒரு கிழவரின் படம். பெயரின் கீழே, வயது 91 என்று போட்டிருந்தது.

ஃபாதர் மண் தட்டை டொரதியிடம் நீட்டினார்.

"அம்மா" என்றான் ஷேன். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க.

அவள் அப்போது தொண்ணூற்றொன்றிலிருந்து டக்ளஸின் அறுபத்தேழைக் கழித்துக்கொண்டிருந்தாள்.