மூன்று முறை ‘கேட்கவில்லை’

இருபத்திரண்டு மணி நேரமாகக் கல்லூரி முதல்வர் அம்மாவின் மனதை ஒரே கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. நேற்று மதியம் அந்த மாணவி கேட்டதற்குத் ‘தாராளமா’ என்று சொன்னோமே, அவள் கேட்டது என்ன?

இறையியல் கல்லூரியின் வராந்தாவில் அவள் இடது பக்கமாக வந்து நின்று ஏதோ சொன்னாள். மாடியில் யாரோ பெஞ்சுகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது. வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, “தாராளமா. ஆண்டவர் உன்னோட இருப்பார்” என்றார். அவள் கண் கலங்கிற்று. இரண்டு நாள் வீட்டுக்குப் போக யாராவது கண் கலங்குவார்களா?

‘இன்னொரு தடவை சொல்லு’ என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பதில்லை என்று எட்டு மாதமாக ஒரு வைராக்கியம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது காது சுத்தமாக அடைத்துக்கொண்டது. டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. நூலகராக இருக்கும் கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. அடுத்த மாதம் நிர்வாகக் குழு கூடி, அவரே முதல்வராகத் தொடர்வதா என்று முடிவு செய்யப் போகிறது. ஐந்து வருடத்துக்கு முன், “பொம்பள சொன்னா பசங்க காது குடுத்துக் கேப்பாங்களா?” என்று சிரித்தவர்கள் அவர்கள். முதல்வருக்கே ஒரு காது இல்லை என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

பன்னிரண்டு மணிக்கு நூலகர் ஒரு படிவத்தோடு வந்தார்.

“உங்க ரகசியம் எல்லாப் புத்தகத்தையும் திருப்பிக் குடுத்துட்டா. நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

ரகசியம் என்பது அந்த மாணவிக்கு வகுப்புத் தோழர்கள் வைத்த பெயர். எட்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுப் படிக்க வந்தவள். பிரசங்கப் பயிற்சியில் மூன்று தடவையும் அவள் மதிப்பெண் தாளில் ‘குரல் கேட்கவில்லை’ என்று முதல்வர் எழுதியதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

“எதுக்குத் திருப்பினா? பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே?”

நூலகர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “என்னம்மா கேக்கற? படிப்ப விட்டுட்டுப் போறா. போயிடட்டுமான்னு நேத்து உங்கிட்டதானே கேட்டா? தாராளமான்னு சொல்லி ஆசீர்வாதமும் பண்ணினியாம். ஒரு வார்த்தை இருன்னு சொல்லலையேன்னு விடுதியில ஒரே அழுகை.”

முதல்வருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏன் போறாளாம்?”

“குரலே எழும்பாதவளுக்கு மேடை எதுக்குங்கறா. நீதான் மூணு தடவை எழுதியிருக்கியே.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “எனக்குத்தான் ஒண்ணும் புரியல. நூலகத்துல உக்காந்து ஜன்னல் வழியா மூணையும் கேட்டேன். ஒரு வார்த்தை சிந்தல. கடைசியா, இயேசு தண்ணி கேட்டாரே, அந்தக் கிணத்தடிப் பொம்பளயப் பத்திப் பேசினா பாரு, கார்டு அடுக்கறத அப்படியே நிறுத்திட்டேன்.”

பயிற்சியின்போது முதல்வர் கடைசி பெஞ்சில் வலது சுவரோரம் உட்காருவார். பல வருடப் பழக்கம். அங்கிருந்து பார்த்தால் மேடை இடது பக்கம். மற்ற மாணவர்கள் மைக்கையே விழுங்கிவிடுவது போலக் கத்துவார்கள். அது எந்தக் காதுக்கும் கேட்கும். இரண்டாம் தடவை அவருக்கே ஒரு சந்தேகம் தட்டியது. ஆனாலும் பேனா அதையேதான் எழுதியது.

உணவுக்கூடத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் முதல்வர் நின்றார்.

“நீங்க எப்பவும் இடது பக்கமாத்தானே வருவீங்க?”

“இப்ப கொஞ்ச நாளா வலது பக்கம்.”

“எத்தன நாளா?”

“எட்டு மாசமா.” நூலகர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்.”

முதல்வர் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

உணவுக்கூடத்தில் அறுபத்துநான்கு பேர் இருந்தார்கள். தலை மேசையில், கூட்டத்துக்கு நாள் குறிக்க வந்திருந்த நிர்வாகக் குழுச் செயலாளர். படிப்பை முடித்துப் போனாலும் பாதியில் போனாலும், போகிறவர் தலையில் கைவைத்து முதல்வர் ஜெபித்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பாடு.

ரகசியம் பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு வந்தாள். “போறதாவது எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டுப் போம்மா” என்று ஒருவன் கிண்டலடித்தான். “நீ சும்மா இருடா, கொழுப்பு” என்று பக்கத்தில் இருந்தவள் அவன் தோளில் ஒன்று போட்டாள்.

ரகசியம் வந்து முதல்வரின் இடது பக்கமாக மண்டியிட்டுத் தலையைக் குனிந்தாள். உதடு அசைந்தது.

முதல்வர் கையை வைக்கவில்லை. “எழுந்திரு. இந்தப் பக்கம் வா” என்று அவளை வலது பக்கம் அழைத்துக்கொண்டார். “நேத்து எங்கிட்ட என்ன கேட்ட? அதையே திரும்பக் கேளு.”

அவள் மிரண்டு போய்ப் பார்த்தாள். “நான் போயிடட்டுமாம்மான்னு கேட்டேன்.”

நல்ல குரல். தெளிவான, அவசரப்படாத குரல். ராத்திரி முழுக்க நோயாளிகளோடு பேசிப் பழகிய குரல்.

“கூடாது” என்றார் முதல்வர்.

செயலாளர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. நூலகர் எழுந்து வந்து சற்றுத் தள்ளி, வலது பக்கமாகவே நின்றுகொண்டார்.

“உன் குரல்ல ஒரு குறையும் இல்ல. மூணு தாள்லயும் தப்பா எழுதினது நான்.” முதல்வர் கடைசி மேசைவரை போகட்டும் என்று குரலை உயர்த்திக்கொண்டார்.

“எனக்கு இடது காது கேக்காது.”