பந்து கையில் இருப்பவர் பேசலாம்

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் பந்து சார். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போனவர், திரும்பும்போது ஒரு மஞ்சள் பஞ்சுப் பந்தோடு வந்தார். அன்றிலிருந்து கூட்டம் என்றால் பந்துதான். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் காது கொடுக்க வேண்டும். அடுத்தவர் சொன்னதற்கு ‘இல்லை’ என்று யாரும் சொல்லக்கூடாது. ‘சரி, அதோட’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! எனக்கோ அந்தப் பந்தைப் பார்த்தாலே குமட்டும். பத்துப் பேர் கை வியர்வையும் எண்ணெயும் ஏறி, ஒரு பக்கம் கறுத்து, பிசுபிசுவென்று இருக்கும். அதைத்தான் எல்லாரும் பயபக்தியோடு பிடித்துக்கொண்டு பேசுவார்கள்.

எங்களுடையது பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் பெரிய சமையல்கூடம். சமைத்ததை டப்பாக்களில் அடைத்து, மூடி போட்டு, வண்டி ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. நான் மூடி போடாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது. அப்படிப் போகிற பள்ளிகளில் ஒன்றில்தான் என் அண்ணன் மகள் படிக்கிறாள்.

அன்று காலை குளிர் அறைக் கதவைத் திறந்ததுமே முகத்தில் அறைந்தது நாற்றம். அதன் மோட்டார் பல நாளாகவே இருமிக்கொண்டிருந்தது. சொல்லும்போதெல்லாம் பந்து சார், “பாத்துக்கலாம், பாத்துக்கலாம்” என்பார். ராத்திரி அது மொத்தமாக நின்றுபோயிருக்கிறது. உள்ளே கூடை கூடையாகக் கோழி. தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டியது. அதைக் கொட்டினால் ஏன் கொட்டினோம் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் மோட்டார் வரும். மோட்டார் வந்தால் பந்து சார் மாட்டுவார்.

ஆகவே அவர் வேலையை ஆரம்பித்தார். கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியாக அரிசி மூட்டைகளுக்குப் பக்கம் ஓரங்கட்டி, தோளில் கை போட்டார். குளிர் அறையில் இல்லாத ஐஸ் எல்லாம் அவர் வாயில் இருந்தது. சமையல் மாஸ்டரிடம், “உங்க கைப்பக்குவத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு விஷயமா?” என்றார். மூக்கு மாமாவிடம், அக்கா மகள் கல்யாணத்துக்குக் கேட்ட லீவைப் பற்றிப் பேசினார். மூக்கு மாமா பொருள் வாங்கும் பிரிவில் இருப்பவர். மீனோ கறியோ முகர்ந்து பார்த்து அவர் சரி என்றால்தான் அடுப்பில் ஏறும். எங்கள் கூடத்தில் அவர் மூக்குதான் கடைசித் தீர்ப்பு.

என்னிடமும் வந்தார். “உங்க கருத்து எனக்கு ரொம்ப முக்கியம், மேடம். மனசு திறந்து சொல்லுங்க.”

“நாறுது சார்” என்றேன்.

“நல்லது, நல்லது” என்று நகர்ந்துவிட்டார். பந்து இன்றைக்கு என் பக்கம் வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் அப்படித்தான் நடந்தது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். “இன்னிக்கு நான் பேசப்போறதில்ல. இது உங்க முடிவு. நான் கேக்க மட்டும்தான் வந்திருக்கேன்” என்று சொல்லி, பந்தை நேராக மாஸ்டரிடம் வீசினார். மாஸ்டர், “நல்லா வினிகர்ல கழுவி, இஞ்சி பூண்டைக் கூட்டிப் போட்டா ஒண்ணும் தெரியாது” என்றார். பந்து டிரைவரிடம் போனது. “சரி, அதோட, லேட்டா போனா ஸ்கூல்ல திட்டுறாங்க” என்றார் அவர். ஒவ்வொருவர் பேசும்போதும் பந்து சார் கண்ணை மூடி, தலையை ஆட்டி, “அருமை” என்றார். சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளைகளுக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் வெட்கம் இருக்கும். கடைசியில் பந்து மூக்கு மாமாவிடம் போனது.

அவர் அதை உருட்டினார், பிசைந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. “வாசனை... பெருசா ஒண்ணும் இல்ல” என்றார். சொன்ன வேகத்தில், சுட்டுவிட்டது போல, பக்கத்தில் இருந்த என் மடியில் பந்தைப் போட்டார்.

பந்து சாரின் தலையாட்டல் நின்றது. ஆனால் விதி அவர் வைத்த விதி. பந்து என் கையில்.

நாறுகிறது என்று நான் சொன்னால் பத்துப் பேர் ‘சரி, அதோட’ என்று ஆரம்பித்து அதைப் பூசி மெழுகிவிடுவார்கள். அதனால் நானும் அவர்கள் பாஷையிலேயே பேசினேன். “சரி, அதோட, முன்னெல்லாம் முதல் தட்டு நம்ம தட்டுதான். நாம உக்காந்து சாப்பிட்ட பிறகுதான் டப்பாவுக்கு மூடி போடுவோம். நேரமாகுதுன்னு அதை விட்டுட்டோம். இன்னிக்கு அதைத் திரும்ப ஆரம்பிக்கலாம்.”

‘இல்லை’ என்று சொல்ல பந்து சாருக்கு நாக்குத் துடித்தது. சொல்ல வழியில்லை. “அருமையான யோசனை” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

சமையல் முடிந்தது. மசாலா மணம் மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் அந்த இன்னொரு வாடை பதுங்கிக்கொண்டிருந்தது. நானே கரண்டி பிடித்து, தட்டுக்குத் தட்டு கறியை அள்ளி வைத்தேன்.

ஒரு கைகூட அதைத் தொடவில்லை.

மாஸ்டர், “ருசி பாத்துப் பாத்தே வயிறு ரொம்பிடுச்சு” என்றார். டிரைவருக்குப் பல் வலி. இன்னொருத்தி கறியை ஓரம் தள்ளி, வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு மாமா தட்டைக் கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தார். பந்து சார், “நான் இப்பல்லாம் கறியைக் குறைச்சிட்டேன், டாக்டர் சொல்லியிருக்கார்” என்று முட்டைக்கோசை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் யாரும் ஏமாறவில்லை. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என் அண்ணன் மகளின் தட்டுக்கு அதை ஒருமனதாக அனுப்பத் தீர்மானித்திருக்கிறார்கள். தூ என்று துப்பலாம் போல இருந்தது.

“முதல் தட்டு காலியாகல. நான் மூடி போட மாட்டேன்” என்றேன். காய்கறியும் ரொட்டியும் மட்டும் வண்டி ஏறின. கோழி அண்டா அண்டாவாகக் குப்பைக்குப் போனது.

சேதி கேட்டு முதலாளியம்மா வந்துவிட்டார். பந்து சார் ஓடிப்போய் நாற்காலி போட்டார். “மோட்டார் திடீர்னு காலை வாரிடுச்சுங்க மேடம். ஆனா நாங்க எல்லாரும் சேர்ந்து பேசி முடிவெடுத்தோம், பிள்ளைங்களுக்கு அனுப்பக்கூடாதுன்னு. ஆரோக்கியமான விவாதம். நான் வாயே திறக்கல, டீம் எடுத்த முடிவு” என்றார். சுற்றிலும் தலைகள் ஆடின. காலையில் அனுப்பலாம் என்று ஆடிய அதே தலைகள். பிறகு பெருந்தன்மையாகப் பந்தை எனக்கு வீசினார். “நீங்களும் சொல்லுங்க, மேடம்.”

“இல்ல” என்றேன். அந்தக் கூடத்தில் அந்தச் சொல் கேட்டு எத்தனை நாளாகியிருக்கும்! “அனுப்பணும்னுதான் முடிவெடுத்தாங்க. மோட்டார் ஒண்ணும் திடீர்னு நிக்கல. மூக்கு மாமாவைக் கேளுங்க.”

முதலாளியம்மா அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். “சரி விடுங்கம்மா. முடிவு நல்லதாத்தானே வந்திருக்கு. யார் சொன்னா என்ன?” என்று முதலாளியம்மா எழுந்துகொண்டார். அடுத்த கிளையிலும் இந்தப் பந்து முறையைச் சொல்லிக்கொடுக்கும்படி பந்து சாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வழவழப்பு போன மாதிரியே இல்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். “இன்னிக்குக் கோழின்னு காலையிலேர்ந்து எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம் அத்தை. வெறும் ரொட்டியும் முட்டைக்கோசும் குடுத்தாங்க. யாரு நிறுத்தினது? நீயா?”

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளையின் கண்ணில் கோபம் முட்டிக்கொண்டு நின்றது. இவளிடம் கெட்ட பேர் எதற்கு என்று தோன்றியது.

“நான் மட்டும் இல்லடா கண்ணு” என்றேன். “நாங்க எல்லாரும் சேர்ந்து பேசி முடிவெடுத்தோம்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. எழுந்து போய் வாயைக் கொப்பளித்தேன்.