திறந்திருந்த இரண்டு நிமிடம்

அருவியில் விழுந்து இறந்தவரின் மனைவி, கொழுந்தனோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அவர் விழுந்த நேரத்தில் போட்டோகிராபர் அங்கே எடுத்த படத்தில் கணவர் கடைசியாகத் தெரிகிறாரா என்று பார்க்க வேண்டும்.

"தெரிய மாட்டாரும்மா. தண்ணி பால் மாதிரி வரணும்னு ரெண்டு நிமிஷம் ஷட்டரைத் திறந்தே வெச்சிருந்தேன். அவர் விழுந்தது அதுக்குள்ளதான். அசையறவங்க பதிய மாட்டாங்க."

"கிளம்புங்க அண்ணி. நான்தான் பிடிக்க ஓடினேனே, கை எட்டலை," என்றான் கொழுந்தன்.

அவள் படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். பாறை மேல் கணவர் இல்லை. கொழுந்தன் மட்டும் கையைக் கட்டியபடி, சட்டைப் பொத்தான்வரை தெளிவாக நின்றிருந்தான்.

"நீ அசையவே இல்லையே தம்பி."

"சார், அதை அழிச்சிடுங்க," என்றான் அவன்.

"வேண்டாம். பெரிசா பிரிண்ட் போடுங்க," என்றாள்.