ஜன்னலைப் பார்த்த அம்பு

"அந்தப் பெட்டிய ஒரு தடவ வெளிய எடுத்தேம்மா" என்று மெர்வ் சொன்னதும் சமையலறை மேசையில் கேக் தின்றுகொண்டிருந்த கிர்ஸ்டி தட்டைத் தள்ளிவைத்தாள்.

மெர்வின் ஆட்டுப் பண்ணையில் அவள் புதைத்துவைத்த நிலநடுக்கமானிதான் அந்தப் பெட்டி. இதோடு சேர்த்துச் சுற்றுவட்டாரத்தில் பதினைந்து. தூரத்து நடுக்கத்தின் அலை பாறைக்குள் எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தயங்குகிறது என்பது அவள் ஆராய்ச்சி. அடிக்கு அடி மாறும் பாறையை ஒவ்வொன்றாகத் தேட யாரால் முடியும்? கரடுமுரடு சராசரியாக எவ்வளவு என்று புள்ளியியலால் கணிக்கலாம், அவ்வளவுதான். நேராக வரும் அலை பக்கவாட்டில் எவ்வளவு சிதறுகிறதோ, பாறை அவ்வளவு கலவை. பதினான்கு பெட்டிகள் ஒரே கதையைச் சொல்ல, மெர்வின் பெட்டி மட்டும் நான்கு மடங்கு சிதறலைக் காட்டியது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதை நம்பித்தான். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். பெட்டியைத் தோண்டி எடுத்துப்போக வந்த இடத்தில் இந்த இடி.

"எப்ப?"

"நீ வச்சு ஒரு வாரத்துல. வாம்பேட் ஒண்ணு, பன்னிக்குட்டி சைஸு, பக்கத்துல வளை தோண்டி, பெட்டி சாஞ்சு கெடந்துச்சு. குமிழி நடுவுல வர வரைக்கும் மட்டம் பாத்துத்தான் பொதச்சேன்."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு ஃபோன் பண்ண வாய் வலிச்சுதா?" என்றாள் அவர் மனைவி கோலீன்.

"மூடியில ஒரு அம்பு இருக்குமே மெர்வ், அத எந்தப் பக்கம் வச்சீங்க? வடக்கதானே பாக்கணும்?"

"வடக்கா! நம்ம பண்ணையில எந்த அம்பும் வீட்டத்தாம்மா காட்டும். வழி தவறினவன் தண்ணியில்லாம செத்துடக்கூடாதுல்ல. இந்தச் சமையலறை ஜன்னலுக்கு நேரா வச்சேன். வேலி போடறவன் கண்ணு, மயிரிழை தப்பாது."

பெட்டி திரும்பியிருந்தால் நேர் அலையே பக்க அலையாகப் பதிவாகிவிடும். கிர்ஸ்டி குழிக்கு ஓடினாள். அம்பு வடக்கிலிருந்து ஐம்பத்திரண்டு பாகை விலகியிருப்பதைத் திசைகாட்டி காட்டியது. சமையலறை மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து, முதல் வாரம் போக, பதினான்கு மாதப் பதிவையும் அந்த அளவுக்குத் திருப்பிப் போட்டாள். எகிறி நின்ற கோடு இறங்கி, மற்ற பதினான்கு பெட்டிகளின் கோடுகளோடு சேர்ந்துகொண்டது.

அத்தியாயம் போயிற்று. கண்ணில் நீர் முட்டியது, கூடவே சிரிப்பும். இந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இல்லாத பாறையை ஊருக்கெல்லாம் அறிவித்திருப்பாள். பதிவும் வீணாகவில்லை, அவர் கண் அவ்வளவு கச்சிதம்.

"கெடுத்துட்டேனாம்மா?"

"காப்பாத்திட்டீங்க மெர்வ். நீங்க நல்லா இருக்கணும்."

"அப்ப இன்னொரு கேக் சாப்புடு" என்றாள் கோலீன்.

பிறகு மெர்வும் அவளுமாகப் பெட்டியைத் தூக்கி வண்டியின் பின்தட்டில் வைத்தார்கள். கயிறு கட்டப்போனவள் நின்று, பெட்டியைக் கொஞ்சம் திருப்பினாள். அம்புக்கு நேரே, ஜன்னலுக்குள் கோலீன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.