கண்ணை மூடி நிற்பது

சஃபியுல்லா தடுமாறி விழுவான் என்று அவனை அறிந்த யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஷார்ஜாவில் டவர் கிரேன் ஓட்டியவன் அவன். காலையில் இரும்பு ஏணியைப் பிடித்து ஏறத் தொடங்கினால், கீழே நிற்கும் லாரிகள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிய பிறகுதான் அவனுடைய கண்ணாடிக் கூண்டு வரும். காற்று அடித்தால் கூண்டு ஊஞ்சல்போல ஆடும். மற்றவர்கள் இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். அவனோ அந்த ஆட்டத்திலேயே டிபன் டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவான். விடுமுறையில் காரைக்கால் வரும்போதெல்லாம், தரையில் நடப்பதுதான் தனக்கு அலுப்பாக இருக்கிறது என்று மனைவி நபீசாவிடம் சொல்லிச் சிரிப்பான்.

போன கோடையில் அவனுக்குச் சிறுநீரகத்தில் தொற்று வந்து இரத்தத்தில் கலந்துவிட்டது. ஷார்ஜா ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தவனை ஊசி மருந்துதான் பிழைக்க வைத்தது. காய்ச்சல் விட்டதும் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தான். அறையே அவனோடு சேர்ந்து குதித்தது. எதிர்ச்சுவரின் கடிகாரம், ஜன்னல், நர்ஸின் முகம், எல்லாம் கையில் பிடித்து எடுத்த வீடியோ மாதிரி குலுங்கின. நின்றால் குலுக்கம் நிற்கும். நடந்தால் மறுபடி தொடங்கும். பலவீனம்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

சரியாகவில்லை. ஊருக்குத் திரும்பி, காது டாக்டரிடம் போய், எத்தனையோ பரிசோதனைகள் செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"காதுக்குள்ள, கொத்தனார் வச்சுப் பாக்கற ரசமட்டம் மாதிரி ஒண்ணு இருக்குங்க" என்றார் டாக்டர். "உடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குச் சொல்றது அதுதான். அந்த ஊசி அபூர்வமா சிலபேருக்கு அதைக் கெடுத்துடும். உங்களுக்கு ரெண்டு பக்கமும் போயிடுச்சு. ஆனா அந்த ஊசி இல்லேன்னா நீங்களே இல்லே."

யார்மேலும் கோபப்பட வழியில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காரைக்கால் தெருவில் ஒருவன் தள்ளாடி நடந்தால் ஊரார் வேறு காரணம் தேட மாட்டார்கள். மது மலிவு என்று பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் குடிக்க வருகிற ஊர். வந்த புதிதில் சஃபியுல்லா ஜும்ஆ தொழுகைக்குப் போகும் வழியில், மளிகைக் கடை வாசலில் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா, பாருங்க." அன்று பள்ளிவாசலில் சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து எழும்போது அவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, அடுத்திருந்த பெரியவரின் மடியில் விழுந்தான். அடுத்த வெள்ளி முதல் கடைசி வரிசையில், முழங்கால் தேய்ந்த கிழவர்களுக்காகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து தொழுதான். அவனுக்கு முப்பத்தாறு வயது.

டாக்டர்தான் அவனைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். கோவில்பத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் மணிபாரதி கிளினிக் வைத்திருந்தான். சுரக்குடியிலிருந்து தினம் பைக்கில் வருகிறவன். முதுகுவலி, தோள்வலி, பக்கவாதம் என்று வந்து காத்திருப்பவர்களுக்கு நடுவே, எங்கேயும் வலி இல்லாத ஒரே நோயாளி சஃபியுல்லாதான்.

"மருந்து எதுவும் கெடையாது பாய்" என்றான் மணிபாரதி. "கண்ணும் காலும் சேந்து காதோட வேலையப் பாக்கணும். அதுக்குப் பழக்கணும். அவ்ளோதான்."

சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டச் சொன்னான். 'அ' என்ற எழுத்து பூச்சி மாதிரி துள்ளும். குமட்டிக்கொண்டு வரும். பிறகு தரையில் ஒட்டிய கோட்டின் மேல் குதிகாலும் பெருவிரலும் தொட நடக்க வேண்டும். கடைசியாக ஸ்பாஞ்ச் மெத்தை மேல் நின்று கண்ணை மூட வேண்டும். அதுதான் அவனுக்குப் பயம். கண்ணை மூடிய கணமே மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். விழுகிறோம் என்பதே விழுந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் மணிபாரதியின் கைகள் அவனைத் தாங்கிக்கொண்டன.

சஃபியுல்லா விடாமல் செய்தான். வீட்டுக் கூடத்துச் சுவரிலும் ஓர் 'அ' ஒட்டி, காலையும் மாலையும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பான். முதல் வகுப்பு படிக்கும் மகள் அஃபீஃபா எதிரில் நின்று அவனைப் போலவே ஆட்டிக் காட்டுவாள். மழைக்காலம் தொடங்கும்போது அவன் சுவரைப் பிடிக்காமல் டீக்கடை வரைக்கும் போய் வந்தான். கடைப் பலகையை நடந்துகொண்டே வாசிக்க முடிந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். நபீசா முதலில் பத்தடி பின்னால் வந்து பார்த்தாள். அப்புறம் அதையும் நிறுத்தினாள்.

ஷார்ஜாவில் அவனோடு அறையில் இருந்த கபீர் போன் செய்வான். "ஃபோர்மேன் உன் எடத்துல டெம்பரரியாத்தான் ஆள் போட்டிருக்கான். ஃபிட்னஸ் சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வந்துடு."

சஃபியுல்லா மணிபாரதியிடம் கேட்பான். "தம்பி, மறுபடி கிரேன்ல ஏறிடலாம்ல?"

"பாக்கலாம் பாய். நீங்கதான் ஜம்முனு தேறிட்டு வர்றீங்களே."

"இன்ஷா அல்லா ரமலானுக்குள்ள?"

"பயிற்சிய விடாம செய்யுங்க. இருட்டுல மட்டும் நடக்காதீங்க. எல்லாம் சரியாயிடும்."

அந்த 'சரியாயிடும்' அவனுக்கு அடுத்த வாரம் வரைக்கும் போதும். நபீசாவிடம் வந்து அதைத் திருப்பிச் சொல்வான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், அந்தியில் மகரிப் தொழுகை நேரம். மேகம் கட்டிக்கொண்டு வந்ததால் பொழுது சீக்கிரம் இருட்டிவிட்டது. நபீசா சமையலறையில் இருந்தாள். மாடியில் காயும் துணியை எடுக்க சஃபியுல்லா போனான். அஃபீஃபாவும் கூடவே ஏறி வந்தாள். துணியை அள்ளிக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. துணி மூட்டையை ஒரு பக்கம் இடுக்கிக்கொண்டான்.

"வாப்பா, தூக்கு" என்று அவள் கையை நீட்டினாள்.

நோய் வந்ததிலிருந்து அவன் அவளைத் தூக்கியதில்லை. ஒரு கணம் யோசித்தான். நன்றாகத்தானே நடக்கிறோம் என்று தோன்றியது. குனிந்து அவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டான். அவள் பழைய பழக்கத்தில் அவன் காதைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன கனம் இடுப்பில் வந்து உட்கார்ந்ததும், எப்போதும்போல ஆகிவிட்டோம் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்படியே படி இறங்கினான்.

பாதிப் படியில் கரண்ட் போனது.

தெரு முழுவதும் ஒரே இருட்டு. அவனுக்குப் படி மட்டுமல்ல, தன் உடம்பே மறைந்துவிட்டது. அசையாமல் நிற்கிறோம் என்றுதான் நினைத்தான். கைப்பிடிச் சுவரைத் தொட வேண்டிய கையில் துணி இருந்தது. அடுத்து அவனுக்குத் தெரிந்தது அஃபீஃபாவின் அலறல். இருவரும் கீழே கிடந்தார்கள். குழந்தையின் கை அவன் உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது.

அவளுக்கு வலக்கையில், முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. அவனுக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்புதான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அஃபீஃபா "உம்மா, உம்மா" என்று மட்டும் அழுதாள். அவன் கட்டிலுக்கு அருகில் போனதும் தோளைச் சுருக்கிக்கொண்டாள். சஃபியுல்லா வெளியே வந்து மருந்துக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

அந்த வாரமே அவன் தனியாகக் கோவில்பத்துக்குப் போனான். மற்ற நோயாளிகள் போகும்வரை காத்திருந்தான்.

"உள்ளதச் சொல்லுங்க தம்பி. எனக்கு இது சரியாகுமா?"

மணிபாரதி அவன் நெற்றிக் காயத்தைப் பார்த்தான்.

"காதுல போனது போனதுதான் பாய். அது திரும்பாது. கண்ணால சமாளிக்கறதுக்குத்தான் இவ்வளவும். வெளிச்சத்துல, சமதரையில நல்லா இருப்பீங்க. இருட்டுல முடியாது. உயரத்துல முடியவே முடியாது."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொதல்லேருந்தே தெரியும்."

"அப்புறம் ஏன் சரியாயிடும் சரியாயிடும்னீங்க?"

"இருட்டுல நடக்காதீங்கன்னு சொன்னேனே பாய்..."

"சொன்னீங்க. சரியாயிடும்னும் சொன்னீங்க. நான் எதை நம்புறது?" சஃபியுல்லாவின் குரல் உயரவில்லை. "மொதல்லயே சொல்லிருந்தா நான் அவளத் தூக்கிருக்க மாட்டேன்."

மணிபாரதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "கிரேன் நெனப்புலதான் நீங்க இவ்வளவு பாடுபட்டீங்க. அது இல்லேன்னா பயிற்சிய விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். ஒங்க வீட்லயும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

சஃபியுல்லாவுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நபீசாவிடம் கேட்டான். அவள் மறைக்கவில்லை.

"ஆமா. ஒரு நாள் நான் தனியா போய்க் கேட்டேன். இனிமே ஏற முடியாதுன்னார். நான்தான் உங்கள்ட்டச் சொல்ல வேணாம்னு அவர்ட்டக் கெஞ்சினேன். வந்த புதுசுல நீங்க ராவெல்லாம் சுவத்தப் பாத்துக் கெடந்தீங்களே மச்சான், அந்த மாதிரி மறுபடி ஆயிடுவீங்களோன்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளைத் திட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த 'அ'வைப் பிய்த்தான். பாதிதான் வந்தது. மீதி சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கபீருக்கு அவன் எதையும் விளக்கவில்லை. "ஃபோர்மேன்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு" என்று ஒரு குரல்செய்தி மட்டும் அனுப்பினான். கபீர் திரும்பத் திரும்ப அழைத்தான். அவன் எடுக்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது அஃபீஃபாவின் முழங்கை நீட்டவும் மடக்கவும் வராமல் பாதியில் நின்றது. எலும்பு டாக்டர் பிசியோதெரபி எழுதினார். வேறு இடம் பார்க்கலாமா என்று நபீசா கேட்டாள். "வேணாம். அவர் புள்ளைங்கள நல்லாப் பாப்பார்" என்றான் சஃபியுல்லா. மூன்று பேரும் போனார்கள். மணிபாரதி அவனை நிமிர்ந்து பார்க்கத் தயங்கினான். குழந்தையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

பலவந்தமாக எதையும் மடக்கவில்லை. வலக்கையால் பந்தை உருட்டச் சொன்னான், பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோகச் சொன்னான், தண்ணீர் தொட்டியில் கையை விட்டு அலையடிக்கச் சொன்னான். முதலில் அழுதாள். பிறகு பிஸ்கட்டுக்காகச் செய்தாள். பிறகு விளையாட்டாகவே செய்தாள். வாரத்துக்கு வாரம் கை நீண்டுகொண்டே போனது. சஃபியுல்லா மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உடம்பு உடைந்ததைத் தானே சேர்த்து, மறந்ததைத் தானே நினைவுபடுத்திக்கொண்டது. அதைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டான். அதே மூச்சில் பொறாமையும் பட்டான். பெற்ற மகள்மேல் பொறாமையா என்று தன்னையே அருவருத்தான்.

ஒரு நாள் அவள் மேசை மேலிருந்த பந்தை எடுக்க ஸ்டூலில் ஏறினாள். சஃபியுல்லா பதறி எழுந்து அவளைப் பிடிக்கப் போனான்.

"வேணாம் வாப்பா. நீ விழுந்துடுவே" என்றாள் அவள்.

கோபமே இல்லாத குரல். மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். அவன் மறுபடி உட்கார்ந்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில், மணிபாரதி அவள் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டிப் பார்த்தான். வித்தியாசமே இல்லை.

"பாப்பாவுக்கு இனிமே ஒண்ணும் வேணாம்மா. விளையாடட்டும்" என்றான் நபீசாவிடம். பிறகு தயங்கி, "பாய், நீங்க மட்டும் திரும்ப வரணும்" என்றான்.

"எதுக்கு?"

"விட்டுட்டா இருக்கறதும் போயிடும். இப்ப நடக்கறீங்களே, அதுவும் கொறையும். அதுக்காகச் சொல்றேன்."

"இதாவது உள்ளதா?"

"உள்ளது பாய்."

சஃபியுல்லா தலையாட்டினான். ஆட்டியதும் எதிரில் இருந்த மணிபாரதியின் முகம் இரண்டு பக்கமும் இழுபட்டு, பிறகு மெதுவாக வந்து நின்றது. இனி ஒவ்வொரு காலையும் எழுந்து நின்று, எதையும் திரும்பப் பெறுவதற்காக அல்லாமல், இருப்பது கைநழுவாமல் இருக்க மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். கிழவனாகும் வரைக்கும்.

வெளியே வெயில் பளிச்சென்று இருந்தது. பஸ்ஸும் பைக்குமாகச் சாலை நெரிந்தது. கடப்பதற்காக மூவரும் ஓரத்தில் நின்றார்கள். அஃபீஃபா நடுவில். ஒரு கையால் உம்மாவின் விரல்களைப் பிடித்திருந்தாள். சஃபியுல்லா அவள் பக்கம் கையை நீட்டினான், நல்ல வெளிச்சம்தானே என்று.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைக் கழற்றி, காலியாக இருந்த தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

சாலையில் இடைவெளி கிடைத்தது. நபீசாவும் மகளும் கடந்தார்கள். சஃபியுல்லா இரண்டடி பின்னால், பார்வையை மகளின் பின்னலிலிருந்து எடுக்காமல், கால்களை அகட்டி வைத்து நடந்து போனான்.